ஷாப்லி என்ற வெள்ளை ஒயினின் பெயர் திராட்சையின் பெயரா, ஊரின் பெயரா?

ஊர்தான். பிரான்சில் பர்கண்டி வட்டாரத்தின் வடகோடியில், செரன் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். திராட்சை ஷார்டொனே, வேறு எதையும் கலக்கக் கூடாது. முன்பு கலிஃபோர்னியாவில் மலிவான வெள்ளை ஒயினுக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டி விற்றார்கள், குழப்பம் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

இந்த ஒயினை ‘ட்ரை’ என்பார்கள். அப்படியென்றால் பழச்சர்க்கரை ஏறக்குறைய முழுதும் நொதித்து ஆல்கஹாலாகிவிட்டது, நாக்கில் இனிப்பு தட்டாது என்று அர்த்தம். குளிர்ப் பிரதேசம் என்பதால் புளிப்பு தூக்கலாக இருக்கும், எலுமிச்சை, பச்சை ஆப்பிள் மாதிரி. ஓக் பீப்பாய் வாசனையும் பெரும்பாலும் இருக்காது.

அந்த ஊர்த் தோட்டத்து மண்ணைக் கையில் எடுத்தால் வெளிறிய சுண்ணாம்புக் கட்டிகளுக்குள் கமா வடிவத்தில் குட்டிக் குட்டிச் சிப்பிகள் தெரியும், சுமார் 15 கோடி வருடங்களுக்கு முன் அது கடலடியாக இருந்ததன் மிச்சம். அந்தச் சிப்பிதான் ருசியில் வருகிறது என்று கடைக்காரர் சொன்னால் நான் நம்ப மாட்டேன், ஆனால் ஒயினைச் சிப்பியோடு சாப்பிட்டால் பிரமாதம்.

அப்புறம் ஏப்ரல் உறைபனி. துளிர் கருகாமல் இருக்க ராத்திரி முழுக்கக் கொடிகள் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் உறையும்போது வெளியிடும் வெப்பம், ஐஸ் ஓட்டுக்குள் இருக்கும் துளிரைக் காப்பாற்றிவிடும்.