கேள்வி – பதில்: இங்கிலாந்தில் சோல் இசைத்தட்டு வேட்டை

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்களின் உருக்கமான இசை வகை. அந்த வகையில் 1965-இல் பதிவான ஃபிராங்க் வில்சனின் ஒரேயொரு சிறிய இசைத்தட்டு 2020-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியதைச் சென்ற இதழில் குறிப்பிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

அமெரிக்காவிலேயே விலைபோகாத கறுப்பினப் பாடகர்களின் பாடல்களை இங்கிலாந்தில், அதுவும் அதன் வடபகுதியில், இத்தனை ஆர்வத்தோடு தேடிச் சேகரிக்க என்ன காரணம்? (வாசகர், திருச்சி)

முதலில் அந்தப் பாடல்கள் ஏன் விலைபோகவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். 1960களின் நடுவில் டெட்ராய்ட் நகரின் மோடவுன் என்ற இசைத்தட்டு நிறுவனம் கண்ட வெற்றியைப் பார்த்து, அதே நகரிலும் சிகாகோ, பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ் முதலிய நகரங்களிலும் எண்ணற்ற சிறு நிறுவனங்கள் முளைத்தன. கையிலிருக்கும் காசைப் போட்டு ஒரு பாடலைப் பதிவு செய்வார்கள். சில நூறு பிரதிகளோ ஓரிரண்டு ஆயிரமோ அச்சிட்டு, உள்ளூர் வானொலி நிலையங்களுக்கு எடுத்துச் செல்வார்கள். வானொலியில் ஒலிக்கவில்லை என்றால் அந்தப் பாடலின் கதை அத்தோடு முடிந்தது. கடைகளிலிருந்து திரும்பி வந்த தட்டுகள் கிடங்குகளில் முடங்கின, அல்லது மொத்தமாக அடிமாட்டு விலைக்குப் போயின. பாடலின் தரத்துக்கும் இந்த முடிவுக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. ரிக்-டிக், கோல்டன் வேர்ல்ட் போன்ற போட்டி நிறுவனங்களின் பாடல்களுக்கு மோடவுனின் வாத்தியக்காரர்களே ரகசியமாகப் போய் வாசித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அவற்றின் தரம் எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் பக்கத்தைப் பார்ப்போம். மான்செஸ்டர் நகரில் 1963-இல் தொடங்கிய ட்விஸ்டட் வீல் என்னும் மன்றத்தில், சனிக்கிழமை இரவு முழுவதும் சோல் பாடல்களுக்கு ஆடும் வழக்கம் வேரூன்றியது. அங்கே திரண்டவர்களில் பெரும்பாலோர் பருத்தி ஆலைகளிலும் பட்டறைகளிலும் சுரங்கங்களிலும் வாரம் முழுதும் உழைத்த இளைஞர்கள். 1960களின் இறுதியில் லண்டன் ரசிகர்கள் ஃபங்க், ராக் என்று வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். அமெரிக்காவிலும் இசை மாறிவிட்டது. வடக்கத்தியவர்களோ விரைவான தாளமும், உருக்கமான குரலும், தந்தி வாத்தியங்களும் பித்தளைக் குழல்களும் சேர்ந்த பழைய மோடவுன் பாணியை விட மறுத்தார்கள். லண்டன் கோவென்ட் கார்டனில் சோல் சிட்டி என்ற கடையை நடத்திய டேவ் கோடின், கால்பந்தாட்டம் பார்க்க வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள் கடைக்குள் நுழைந்தால் புதிய பாடல்களைப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தம் பணியாளர்களிடம் சொல்லி, அவர்கள் கேட்கும் வகைக்கு ‘நார்தர்ன் சோல்’ (வடக்கத்திய சோல்) என்று பெயரும் வைத்தார். 1970-இல் ஒரு இசைப் பத்திரிகையில் தாம் எழுதிவந்த பத்தியில் அவர் அதைப் பயன்படுத்த, அந்தப் பெயரே நிலைத்தது.

புதிதாக யாரும் இந்தப் பாணியில் பாடல் போடுவதில்லை. ஆடுபவர்களுக்கோ வாரந்தோறும் புதிய பாடல் வேண்டும். அப்படியானால் பழையவற்றுள் இதுவரை யாரும் கேட்காததைத் தேடித்தான் தீர வேண்டும். இந்தச் சேகரிப்பு ஆர்வம் முழுவதற்கும் இந்தத் தேவையே ஊற்றுக்கண் என்பது என் உறுதியான கருத்து. மன்றங்களில் தட்டுகளை ஒலிக்கவிடும் டி.ஜே.க்கள் அமெரிக்காவுக்கே போய்க் கிடங்குகளைக் கிளறினார்கள். பிளாக்பூல் நகரின் மெக்கா நடன மன்றத்து டி.ஜே. ஐயன் லெவின், பெற்றோரோடு மயாமிக்கு விடுமுறை போகும்போதெல்லாம் ஆயிரக்கணக்கில் தட்டுகளை வாங்கி வந்தவர். ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் கோல்டன் டார்ச், பிறகு 1973 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய விகன் கேசினோ என்று மன்றங்கள் பெருகப் பெருக இந்தத் தேடலும் தீவிரமானது. விகனில் மது கிடையாது. பழைய நடன மண்டபம் ஒன்றில் இரவு 2 மணிக்குத் தொடங்கிக் காலை 8 மணி வரை, வழுக்கிச் சுழல்வதற்காகத் தரையில் டால்கம் பவுடரைத் தூவிக்கொண்டு ஆடினார்கள். அந்தப் பவுடரைப் போலவே, இரவில் சிலர் விழுங்கிய ஊக்க மாத்திரைகளும் அந்தக் காலத்தின் பகுதிதான். கோல்டன் டார்ச் 1973-இல் மூடப்பட்டதற்கு அந்த மாத்திரைகள் பற்றிய புகார்களும் ஒரு காரணம்.

ஃபிராங்க் வில்சனின் தட்டுக்கு மட்டும் ஏன் அவ்வளவு விலை? பாடல் அத்தனை சிறப்பானதா? (வாசகி, கோயம்புத்தூர்)

பாடல் சிறப்பானதுதான். ‘டூ ஐ லவ் யூ’ என்று தொடங்கும் பெயருடைய அந்தப் பாட்டு, முதல் நொடியிலிருந்தே கேட்பவரைத் தூக்கி நிறுத்திவிடும். ஆனால் விலைக்குக் காரணம் அதன் வரலாறு.

வில்சன் மோடவுனில் பாடலாசிரியராகவும் தயாரிப்பாளராகவும் இருந்தவர். 1965-இல் தாமே பாடிய இந்தப் பாடலை நிறுவனத்தின் துணை முத்திரையான (தட்டில் அச்சிடும் வெளியீட்டுப் பெயர்) ‘சோல்’ வெளியிடுவதாக இருந்தது. வானொலிக்காகச் சுமார் 250 முன்னோட்டப் பிரதிகளும் அச்சாகின. பாடகராகப் போவதா, தயாரிப்பாளராகவே இருப்பதா என்ற கேள்வி எழுந்தபோது அவர் தயாரிப்புப் பக்கமே நின்றார். வெளியீடு கைவிடப்பட்டு, அச்சான பிரதிகளும் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்டன. பின்னாளில் சுப்ரீம்ஸ் குழுவுக்கும் எடி கென்ட்ரிக்ஸுக்கும் வெற்றிப் பாடல்களைத் தயாரித்தவர் இவரே.

தப்பிய பிரதி ஒன்றிலிருந்து 1970களின் பிற்பாதியில் இந்தப் பாடல் விகன் கேசினோவை எட்டியது. அங்கே அது எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரில்தான் ஒலித்தது. பாடியவர் வில்சன் என்பது பிறகு தெரியவந்து, 1979-இல் மோடவுனின் பிரிட்டிஷ் முத்திரையான டாம்லா மோடவுனிலேயே முறைப்படி வெளியானது. 1981 டிசம்பரில் கேசினோ மூடப்பட்ட இரவின் கடைசிப் பாடலாகவும் இதையே ஒலிக்கவிட்டார்கள். இத்தனை நினைவுகளைச் சுமக்கும் ஒரு பாடலுக்கு, வெகுகாலம் இரண்டே இரண்டு மூலப் பிரதிகள்தான் உலகறிய இருந்தன. அவற்றுள் ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கு விற்றபோதே பலர் வியந்தார்கள். 2020-இன் விலை அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு.

டி.ஜே.க்கள் இசைத்தட்டின் பெயரை மறைத்து வைப்பார்கள் என்று படித்தேன். ரசிகர்களை ஏமாற்றும் வேலை அல்லவா அது? (வாசகர், மதுரை)

நீங்கள் படித்தது உண்மை. தட்டின் நடுவிலுள்ள லேபிள்மீது வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவார்கள்; பாடகருக்கும் பாடலுக்கும் பொய்ப்பெயர் சூட்டி அறிவிப்பார்கள். பெயர் தெரிந்துவிட்டால் போட்டி டி.ஜே. அடுத்த வாரமே அமெரிக்காவிலிருந்து ஒரு பிரதியை வரவழைத்துவிடுவார். மன்றத்துக்குக் கூட்டம் சேர்த்த தனிச் சொத்து போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு பாடல் பிரபலமான உடனே அதைத் திருட்டுத்தனமாக அச்சிட்டு விற்ற வியாபாரிகள் அக்காலத்தில் இருந்தார்கள், அவர்களிடமிருந்து தப்பவும் இந்த மறைப்பு உதவியது.

ஆயினும் இந்த வழக்கத்தை என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் சென்று பாடியவர்கள் இவர்களில் பலர். பல ஆண்டுகள் கழித்து, கடல் கடந்த ஊரில், ஆயிரம் பேர் அந்தக் குரலுக்கு ஆடும்போதும் அங்கே ஒலிப்பது வேறொரு பெயர் என்றால், டி.ஜே.யின் நியாயத்தைவிடப் பாடகரின் இழப்பே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இந்தப் பாடல்கள் அனைத்தும் இன்று கைபேசியில் கிடைக்கின்றன. மூலத்தட்டுக்குப் பணத்தைக் கொட்டுவது வெறும் ஆடம்பரம்தானே? அந்தப் பணத்தில் பாடகர்களுக்கு ஏதாவது போய்ச் சேருகிறதா? (வாசகர், யாழ்ப்பாணம்)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பழைய தட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எத்தனை ஆயிரம் பவுண்டுக்கு மாறினாலும் பாடகருக்கோ பாடலாசிரியருக்கோ ஒரு காசும் போவதில்லை. மறுவெளியீடும் மறுபதிவும் மட்டுமே பணம் தரும், அதிலும் எல்லாருக்கும் இல்லை. ‘டெயின்டட் லவ்’ இதற்குத் தக்க சான்று. குளோரியா ஜோன்ஸ் 1960களின் நடுவில் பாடி, ஒரு தட்டின் மறுபக்கத்தில் வெளியாகி, கவனிப்பாரற்றுப் போன பாடல் அது. 1970களில் டி.ஜே. ரிச்சர்ட் சியர்லிங் அதை அமெரிக்காவில் கண்டெடுத்துவந்து வடக்கத்திய மன்றங்களில் பரப்பினார். அங்கே அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்த சாஃப்ட் செல் குழுவின் இருவரும் 1981-இல் மீண்டும் பாடி, பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டு சென்றார்கள். அந்த வெற்றியின் உரிமைத்தொகை பாடலை எழுதிய எட் காப்புக்குப் போகும். முதலில் பாடியவருக்குச் சட்டப்படி அதில் பங்கில்லை.

ஆனாலும் சேகரிப்பாளர்களால் பாடகர்களுக்கு நன்மையே விளையவில்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் டாம்ஸ் குழு 1964-இல் வெளியிட்ட ஒரு பாடல் வடக்கத்திய மன்றங்களின் புண்ணியத்தால் 1971-இல் மறுவெளியீடு கண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் புகழ் மங்கியிருந்த மேஜர் லான்ஸ் 1972-இல் கோல்டன் டார்ச்சில் பாடியபோது எழுந்த ஆரவாரத்தை, அங்கேயே பதிவான தொகுப்பில் இன்றும் கேட்கலாம். அமெரிக்கப் பாடகர் எட்வின் ஸ்டார் இங்கிலாந்திலேயே குடியேறி, 2003-இல் அங்கேயே மறைந்தார். 1982-இல் தொடங்கிய கென்ட் நிறுவனம், உரிமை பெற்று முறைப்படி மறுவெளியீடுகளைச் செய்வதோடு, அமெரிக்க ஒலிநாடாக் கிடங்குகளில் ஒருபோதும் வெளிவராமல் கிடந்த பாடல்களையும் மீட்டுத் தந்திருக்கிறது. பாடகர்களுக்கு உதவ விரும்பும் வாசகர் இத்தகைய தொகுப்புகளை வாங்குவதே முறை.

ஆடம்பரமா என்ற கேள்விக்கு வருகிறேன். மூலத்தட்டை மட்டுமே ஒலிக்கவிட வேண்டும் என்பது இந்த மன்றங்களில் இன்றும் பலர் கறாராகக் கடைப்பிடிக்கும் விதி. நகலையோ கணினிக் கோப்பையோ ஒலிக்கவிடும் டி.ஜே.க்கு அங்கே மதிப்பில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீம்பாகத் தோன்றலாம். ஆனால், ஒரு தட்டைத் தேடி அலைந்து, கைப்பணத்தைப் போட்டு, பல ஆண்டு உழைப்பில் திரட்டிய பெட்டியிலிருந்து ஒருவர் பாடலை எடுக்கும்போது அவருடைய காதும் ரசனையும் அங்கே சோதனைக்கு உள்ளாகின்றன. விற்பனைப் பட்டியலில் ஏறிய பாடல் எது என்று பாராமல் காதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்கும் பழக்கம் அந்த விதியால்தான் காப்பாற்றப்பட்டது என்று நான் எண்ணுகிறேன். முதலீடாக வாங்கிப் பெட்டகத்தில் பூட்டுபவர்களுக்கு இந்தப் பாராட்டு பொருந்தாது. ஆடுவதற்காகப் பதிவான பாடலை ஒலிக்கவிடாமல் வைத்திருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

நாங்கள் அண்மையில் வாங்கிய வீட்டின் பரணில் பழைய சிறிய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. முன்னாள் உரிமையாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவற்றின் மதிப்பை எப்படி அறிவது? (வாசகி, போல்ட்டன், இங்கிலாந்து)

போல்ட்டன் இந்த இசையின் தாயகத்தில் இருப்பதால், பெட்டியை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நடு ஓட்டையைப் பாருங்கள். பெரிய ஓட்டை இருந்தால் அமெரிக்க அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறிய ஓட்டை பிரிட்டிஷ் அச்சுக்கு உரியது. ஆனால் காசு போட்டால் பாடும் பாட்டுப்பெட்டிகளில் போடுவதற்காக நடுப்பகுதி பெயர்த்தெடுக்கப்பட்ட பிரிட்டிஷ் தட்டுகளும் உண்டு.

அமெரிக்கத் தட்டுக்குத்தான் மதிப்பு என்று எண்ணிவிடவும் வேண்டாம். டாரல் பேங்க்ஸ் பாடிய ‘ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்’ 1966-இல் அமெரிக்காவில் நன்றாக விற்ற பாடல். டெட்ராய்ட்டின் ரெவிலாட் முத்திரையிட்ட அந்த அமெரிக்கத் தட்டு எளிதில் கிடைக்கும். அதே பாடலைப் பிரிட்டனில் வெளியிட லண்டன் என்ற நிறுவனம் ஏற்பாடு செய்து, உரிமை ஸ்டேட்சைட் நிறுவனத்துக்குப் போய்விட்டதால் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த லண்டன் முத்திரையிட்ட விற்பனைப் பிரதி ஒன்று 2014-இல் 14,543 பவுண்டுக்குப் போனது. பாட்டு ஒன்றுதான், குரலும் ஒன்றுதான், லேபிள் மட்டும் வேறு.

அடுத்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையே உள்ள வழவழப்பான வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அங்கே பொறித்திருக்கும் எழுத்துகளும் எண்களும் தட்டு எந்த ஆலையில் அச்சானது என்பதைக் காட்டிக்கொடுக்கும். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலைத் தட்டுகளில் சிறு முக்கோணமும் ஓர் எண்ணும் இருக்கும். மிச்சிகனின் ஒவாசோ நகர ஆலையிலிருந்து வந்தவற்றில் அந்த ஆலையின் சிறிய முத்திரை இருக்கும். 1970களில் வந்த திருட்டு அச்சுகளைச் சேகரிப்பாளர்கள் பிரித்தறிவது பெரும்பாலும் இந்த வளையத்தை வைத்துத்தான். லேபிளில் பழைய உரிமையாளர் பெயர் எழுதியிருந்தால் மதிப்புச் சற்றுக் குறையும் என்றாலும், அதை அழிக்க முயன்றால் லேபிளே கிழிந்துபோகும். வெள்ளைத் தாள் ஒட்டிய தட்டு எதுவும் கண்ணில் பட்டால் தாளைப் பிரிக்காமல் விவரமறிந்தவரிடம் காட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அக்கால அமெரிக்கத் தட்டுகளில் ஒரு பகுதி வினைல் அல்ல, ஸ்டைரீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆனவை. அவை எடை குறைந்தும் வளையாமலும் இருக்கும். தேய்ந்த ஊசி பட்டால் வெகு விரைவில் கெட்டு இரைச்சல் போடத் தொடங்கும். ஆகவே பரணிலிருந்த பழைய பிளேயரிலேயே போட்டுக் கேட்டுவிடலாம் என்று நினைக்காமல், முதலில் ஊசியை மாற்றுங்கள்.