பல வண்டிகளின் உதிரிகளில் ஒரு கார்: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: திருமங்கலத்தில் மண்டி வைத்திருக்கிறேன். இருக்கைக்குப் பின்னாலும் பின் ஆக்சிலுக்கு முன்னாலும் எஞ்சின் அமைந்த, பழைய பாணி இரண்டு இருக்கைக் கார் ஒன்று வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கப்பலூர்ப் பக்கம் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பேசினேன். பிரீமியர் பத்மினியின் முன்பக்க சஸ்பென்ஷன், பழைய ஹோண்டா சிட்டியின் எஞ்சின், இன்னொரு வண்டியின் கியர் பெட்டி, வேறொன்றின் ஸ்டீயரிங், ஃபைபர் பாடி என்று சேர்த்து 6 லட்சம் ரூபாயில் முடித்துத் தருகிறார்களாம். பாதியை முன்பணமாகக் கேட்கிறார்கள். பத்மினியின் ஆர்.சி. புத்தகம் கையில் இருப்பதால் அதை வைத்தே சாலையில் ஓட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இந்த ஏற்பாட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த ஆர்.சி. புத்தகத்தைப் பற்றி அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையே முழுப் பணத்தையும் முடக்கிவிடும்.

உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து, பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ளவை வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. அதே தயாரிப்பில் அதே வகை எஞ்சினைப் பொருத்துவது, அனுமதி பெற்று எரிவாயுவுக்கு மாறுவது போன்ற சில விலக்குகள் உண்டு. நீங்கள் கேட்பது இவற்றில் எதிலும் அடங்காது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவுக்குக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, இவ்வாறு மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சட்டத்தின் கை விழுவது உங்கள் மேல். பட்டறைக்காரர் அப்போது பக்கத்தில் நிற்க மாட்டார். இதைவிடப் பெரிய ஆபத்து விபத்தில் இருக்கிறது. பத்மினி என்று பாலிசி எடுத்து, பத்மினியே அல்லாத ஒரு வண்டியில் யாரையாவது இடித்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க அதையே காரணமாகக் காட்டக்கூடும். இழப்பீட்டுச் சுமை உங்கள் மண்டியின் மேலும் வீட்டின் மேலும் வந்து விழக்கூடும்.

அப்படியானால் புதிய வண்டியாகவே பதிந்துகொள்ளலாமே என்று தோன்றும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புதிய காரைப் பதிய, விற்பனைச் சான்றான படிவம் 21-உம், உற்பத்தியாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22-உம் வேண்டும். படிவம் 22-க்குப் பின்னால், மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையம் ஒன்று அந்த மாதிரியைச் சோதித்து ஒப்புதல் அளித்திருக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் புதிய கார்களுக்குப் பாரத் ஸ்டேஜ் 6 மாசு அளவு கட்டாயமாகிவிட்டதால், பழைய சிட்டி எஞ்சின் முதல் சோதனையிலேயே நின்றுவிடும். இது கம்பெனிகளுக்கென்று அமைந்த வழி. ஒரே ஒரு காருக்காக நடக்கக்கூடிய வழியன்று.

ஆகவே, இந்தக் கார் பொதுச் சாலைக்கு வராது என்பதை முதலில் மனத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சொந்தத் தோட்டத்துப் பாதையிலும், கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ஓடுதளம் போன்ற இடங்களில் அவர்கள் விதிகளுக்கு உட்பட்டும் ஓட்டலாம். அந்த இடம் வரை லாரியில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும். அந்த அளவே போதும் என்று உங்களுக்குத் தோன்றினால் மட்டும் மேலே படியுங்கள். ஏனெனில், அந்த எல்லைக்குள் இது மிக அழகான வேலை.

பட்டறை சொன்ன திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாதது, எத்தனை வண்டிகளைக் கலக்கிறார்கள் என்பதே. இந்த வகைக் கார்களைச் செய்த பெரிய கம்பெனிகளும் தங்கள் சாதாரணக் கார்களிலிருந்துதான் பாகங்களை எடுத்தன. 1972-இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9, முன்சக்கரத்தால் ஓடும் ஃபியட் 128-இன் எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒரே தொகுப்பாக இருக்கைக்குப் பின்னால் கொண்டுபோனது. 1984-இல் வந்த டொயோட்டா எம்.ஆர்.2-வும் கொரோலாவின் பாகங்களைக் கொண்டு அதே வழியில் சென்றது. எஞ்சின், கியர் பெட்டி, சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்ட், சக்கரத்தைத் தாங்கும் வீல் ஹப் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தவே செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றை வேறு வண்டியிலிருந்து எடுத்தால், லேத்தில் கடைந்து இணைக்கும் ஒவ்வொரு துண்டும் பின்னாளில் உடையக்கூடிய ஓர் இடமாகிறது. ஆகவே, ஓடும் நிலையிலுள்ள சிட்டி ஒன்றை முழுதாக உங்கள் பெயரில் வாங்கி, அதன் முன்பக்கத் தொகுப்பை அப்படியே பின்னால் கொண்டுபோகச் சொல்லுங்கள். எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, ஒயரிங், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் இருந்தால் அதன் சாவி எல்லாம் அதே வண்டியின் ஜோடியாகக் கிடைக்கும். காயலான் கடையில் எஞ்சின் மட்டும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, அதன் எண் திருட்டு வண்டியுடையது என்று பின்னால் தெரிந்தால், பில் இல்லாத நீங்கள்தான் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிரித்த வண்டியின் பதிவை ரத்துசெய்ய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு எழுதிக்கொடுப்பதும் உங்கள் கடமை.

பட்டறையில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கைத்திறன் அதிலேயே விளங்கிவிடும். சிட்டியின் முன் ஹப்பைப் பின்னால் வைக்கும்போது ஸ்டீயரிங் ராடு பிடித்திருந்த முனையை எங்கே நிலைநிறுத்துவீர்கள் என்பது முதல் கேள்வி. அதை ஏதோ ஓர் இடத்தில் வெல்டு வைத்துவிட்டால், மேடுபள்ளத்தில் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்தோறும் பின்சக்கரங்கள் தாமாகவே திரும்பும். சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் கீழ்க்கை ஏறி இறங்கும் வீச்சுக்கு ஒத்த வீச்சு அந்த ராடுக்கும் இருக்க வேண்டும். இரண்டாவது பிரேக். முன்சக்கரத்துக்கென்று செய்த பெரிய டிஸ்க் பின்னாலும் பத்மினியின் டிரம் முன்னாலும் அமைந்தால், அழுத்தி மிதித்தவுடன் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். ஈரமான தரையில் இது உயிரைக் குடிக்கும். அதோடு, டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன்சக்கரத்துக் காலிப்பரில் ஹேண்ட் பிரேக் இராது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். மூன்றாவது, முன்னால் இருக்கும் ரேடியேட்டரிலிருந்து பின்னால் உள்ள எஞ்சின் வரை செல்லும் நீண்ட குழாயில் காற்று தங்கினால் எங்கே திறந்து வெளியேற்றுவது? மதுரைச் சித்திரை வெயிலில் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. பதில் சொல்லத் தடுமாறும் பட்டறையை விட்டு நகர்ந்துவிடுங்கள். பிரேக் ஹோஸ், பெட்ரோல் குழாய், டயர், சீட் பெல்ட் ஆகியவை புதியனவாகவே இருக்கட்டும், இவற்றில் சேமிக்காதீர்கள்.

பணத்தை நான்கு கட்டமாகப் பிரித்து எழுத்தில் போடுங்கள்: வரைபடம் முடிந்தவுடன் சிறு தொகை, சட்டகம் சக்கரத்தில் நின்றவுடன் அடுத்தது, எஞ்சின் அரை மணி நேரம் அளவுக்கு மீறிச் சூடாகாமல் ஓடிய பிறகு மூன்றாவது, பாடியும் பெயிண்ட்டும் முடிந்து நீங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே கடைசித் தொகை. சிட்டியில் மிஞ்சும் கதவு, கண்ணாடி, இருக்கை யாருக்குச் சொந்தம் என்பதையும் குறிப்பிடுங்கள். சச்சரவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. வண்டி சாலைக்கு உரியதன்று என்ற வரி ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். சட்டம் தடுத்த காரியத்துக்காகப் பணம் கொடுத்தேன் என்ற நிலை வந்தால், நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் வாதமே பலம் இழக்கும். பட்டறை ஏமாற்றினால் இரண்டு ஆண்டுக்குள் மதுரை மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணிலும் முறையிடலாம்.

கேள்வி: மேலூரில் அப்பா விட்டுச்சென்ற 1970-ஆம் ஆண்டு ஃபியட் 1100 நிற்கிறது. எஞ்சினை வேறு கம்பெனியுடையதாக மாற்றி, விண்டேஜ் வண்டியாகப் பதியலாமா?

பதில்: முடியாது. 2021 ஜூலையில் வந்த விதிகள், முதல் பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு மட்டுமே இந்தத் தகுதியைத் தருகின்றன. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அசல் எஞ்சினையே திறந்து சரிசெய்யுங்கள். ஏற்கெனவே பதிவில் உள்ள வண்டி என்பதால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டுக்குச் செல்லும் புதிய விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அதன் பிறகு கண்காட்சி, பழைய கார் அணிவகுப்பு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் மதுரைக்குக் கடைக்குப் போய்வர அதைப் பயன்படுத்த இயலாது.