12 பேர் கிடைக்கவில்லை என்று அடுத்தவர் கணக்கில் செயலியை ஏற்றலாமா?

கேள்வி: சார், சிவதாபுரத்தில் எங்கள் வீட்டிலேயே கொலுசுப் பட்டறை. யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், எவ்வளவு கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம், கூலி பாக்கி எல்லாவற்றையும் அப்பா நோட்டில்தான் எழுதுவார். அதைப் பார்த்து நானே ஒரு ஆண்ட்ராய்டு செயலி செய்தேன். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் நாற்பது பேர் வரை கேட்கிறார்கள். பிளே ஸ்டோரில் போடலாம் என்றால் 12 பேர் 14 நாள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது கூகுள். தெரிந்தவர் ஒருவர், "என் கம்பெனிக் கணக்கில் மூன்றே நாளில் ஏற்றித் தருகிறேன், எட்டாயிரம் கொடு" என்கிறார். இரண்டாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன், ஏற்றுகிற கோப்பையும் அனுப்பிவிட்டேன். இப்போது சோர்ஸ் கோடு முழுவதும் கேட்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: கொடுக்காதீர்கள். சோர்ஸ் கோடையும் (நீங்கள் எழுதிய மூல நிரலையும்) கொடுக்காதீர்கள், மீதி ஆறாயிரத்தையும் கொடுக்காதீர்கள். பிளே ஸ்டோரில் ஏற்றுவதற்கு வேண்டியது நீங்கள் கையெழுத்திட்டுக் கட்டி முடித்த ஒரே ஒரு ஏஏபி கோப்பு, அதாவது செயலியை மொத்தமாகக் கட்டிய பொட்டலம். சோர்ஸ் கோடு கூகுளுக்கே வேண்டாம், இவருக்கு எதற்கு? கொலுசு வாங்க வந்த வியாபாரி அச்சையும் சேர்த்துக் கொடு என்று கேட்டால் உங்கள் அப்பா என்ன சொல்வாரோ அதையே நீங்களும் சொல்லுங்கள்.

"ஏற்றித் தருகிறேன்" என்று அவர் சொல்வது ஏதோ லாரியில் சரக்கு ஏற்றுவது மாதிரி சாதாரணமாகக் காதில் விழுகிறது. ஆனால் அவர் கணக்கில் ஏறிய நிமிடத்திலிருந்து கூகுளைப் பொறுத்தவரை செயலி அவருடையது. பெயருக்குக் கீழே அவருடைய கம்பெனிப் பெயர்தான் வரும், விமர்சனங்களுக்குப் பதில் எழுதுவது அவர், சந்தா வைத்தால் பணம் போய்ச் சேருவதும் அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான். ஒரு சின்னப் பிழையைத் திருத்திப் புது வெர்ஷன் போடக்கூட அவரைத்தான் நீங்கள் கூப்பிட வேண்டும், அவர் போனை எடுத்தால். "பிற்பாடு உன் கணக்குக்கு மாற்றித் தருகிறேன்" என்பார். மாற்ற வழி இருப்பது உண்மைதான், பயன்படுத்துகிறவர்களும் விமர்சனங்களும் கூடவே வந்துவிடும், ஆனால் அந்தக் கோரிக்கையை அவர்தான் அவருடைய கணக்கிலிருந்து போட வேண்டும். நாற்பது பட்டறையும் உங்கள் செயலியில் கணக்கு எழுதப் பழகிய பிறகு அந்த ஒரு கிளிக்குக்கு என்ன விலை சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள்.

அடிவாரத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் ஏற்காட்டில் தங்கும் வீடுகளுக்கான முன்பதிவுச் செயலியை ஒரு புரோக்கரின் கணக்கில் ஏற்றியிருந்தார். கோடை விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்தக் கணக்கையே கூகுள் முடக்கிவிட்டது. தம்பியின் செயலியில் ஒரு குறையும் இல்லை, அதே கணக்கில் வேறு யாரோ ஏற்றியிருந்த கடன் கொடுக்கும் செயலிதான் காரணம். கணக்கு போனால் அதிலுள்ள எல்லாமே போகும். முறையீடு செய்யும் உரிமையும் கணக்கு வைத்திருப்பவருக்குத்தான், அவரோ சிம்மை மாற்றிக்கொண்டு போய்விட்டார். தம்பி என்னிடம் வந்தபோது மே மாதமே முடிந்திருந்தது.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது தரவுத்தளம். இந்த ஆட்கள் பெரும்பாலும் "ஃபயர்பேஸும் நானே போட்டுத் தருகிறேன்" என்று சேர்த்தே சொல்வார்கள். செயலியின் தரவை இணையத்தில் வைத்துக்கொள்ளும் கூகுள் சேவைதான் ஃபயர்பேஸ். அப்படிப் போட்டால் எந்தப் பட்டறையில் இன்றைக்கு எத்தனை கிலோ வெள்ளி இருக்கிறது, எத்தனை டச் (வெள்ளியின் தரம்), எந்தக் கடைக்குப் போகிறது என்ற கணக்கெல்லாம் ஒரு மூன்றாம் மனிதரின் ஜிமெயிலில் உட்கார்ந்திருக்கும். நாற்பது குடும்பத்தின் சரக்குக் கணக்கு அது. ஃபயர்பேஸ், டொமைன் பெயர், கோடு வைக்கும் இடம், செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையெழுத்துச் சாவிக் கோப்பு, எல்லாமே உங்கள் ஜிமெயிலில், உங்கள் போன் நம்பரில் இருக்க வேண்டும். "பாஸ்வேர்டு மட்டும் என்னிடம் இருக்கட்டும், உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், வேண்டாம்.

சரி, சொந்தக் கணக்கு. கட்டணம் 25 டாலர், வாழ்நாளில் ஒரே முறை. நம் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம்தான், அவருக்கு நீங்கள் கொடுத்த முன்பணமே கிட்டத்தட்ட அவ்வளவு. கார்டை ஏற்கவில்லை என்று பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நம் ஊர்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் மூடியே இருக்கும். வங்கியின் செயலியில் போய்த் திறந்துவிட்டு, பணம் கட்டியதும் மறுபடி மூடிவிடுங்கள். அப்புறம் அடையாள அட்டை சரிபார்ப்பு.

இந்தப் 12 பேர் விஷயம் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு மட்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். குப்பைச் செயலிகளைத் தடுக்கத்தானாம். நிலத்தைப் பத்திரம் பதிய இரண்டு சாட்சி போதும், கொலுசுக் கணக்கு எழுத 12 சாட்சி! குப்பை போடுகிறவன் காசு கொடுத்து ஆள் பிடித்துக்கொள்கிறான், வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காக எழுதுகிற பெண்தான் ஆள் கிடைக்காமல் புரோக்கரிடம் போகிறாள். இதை அவர்களுக்கு எழுதியும் பார்த்தேன். நான் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாத, அச்சடித்த மாதிரி ஒரு பதில் வந்தது.

இருந்தாலும் உங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. நாற்பது பேர் கேட்கிறார்கள் என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்! அவர்களில் பதினாறு, பதினெட்டுப் பேரின் ஜிமெயில் முகவரியை வாங்கி, பிளே கன்சோலில் (செயலியை ஏற்றி நிர்வகிக்கும் கூகுள் தளம்) குளோஸ்டு டெஸ்டிங் என்ற பகுதியில் சேர்த்துவிடுங்கள். அங்கே கிடைக்கும் இணைப்பை அவரவர் போனில் திறந்து சம்மதம் கொடுத்து, பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், ஒரு நாள் மாலை பட்டறை பட்டறையாகப் போய் நீங்களே செய்துகொடுத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. 14 நாளும் இடைவிடாமல் குறைந்தது 12 பேர் சேர்ந்திருக்க வேண்டும், நடுவில் ஒருவர் விலகி 11 ஆகிவிட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டி வரும், அதற்காகத்தான் பதினெட்டு என்றேன். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் மட்டும் தொடங்காதீர்கள். ஒருவரும் போனைத் திறந்து கணக்கு எழுத மாட்டார்.

இன்டர்னல் டெஸ்டிங் என்று இன்னொன்று இருக்கும். அது 100 பேர் வரை உடனே கொடுத்துப் பார்க்க வசதியானது, ஆனால் அந்த நாட்கள் இந்த 14 நாளில் சேராது. ஒரே ஜிமெயிலை இரண்டிலும் போட்டுக் குழப்பாதீர்கள், இன்டர்னலில் சேர்ந்தவர் அதிலிருந்து விலகாமல் குளோஸ்டுக்கு வர முடியாது.

"12 டெஸ்டர் பேக்கேஜ்" என்று காசுக்கு விற்கிறார்கள், அதுவும் வேண்டாம். இறக்கி வைப்பார்கள், திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 14 நாள் முடிந்து நீங்கள் விண்ணப்பிக்கும்போது யார் சோதித்தார்கள், என்ன குறை சொன்னார்கள், நீங்கள் என்ன திருத்தினீர்கள் என்று கூகுள் கேட்கும். பட்டறைக்காரர் "சேதாரத்தைக் கழிக்காமல் கூலி காட்டுகிறது" என்று சொன்னதைத் தேதியோடு எழுதி வைத்திருந்தால் அதுவே பதில். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிவு வந்துவிடும்.

அவர் எப்படி மூன்று நாளில் ஏற்றுகிறார் என்று கேட்பீர்கள். நிறுவனக் கணக்குக்கு 12 பேர் விதி கிடையாது. அப்பாவின் பட்டறைப் பெயரில் நீங்களும் நிறுவனக் கணக்கு தொடங்கலாம், அதற்கு டன்ஸ் எண் என்று ஒன்பது இலக்க எண் ஒன்று வேண்டும். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற நிறுவனம் தருகிறது, இலவசம், முப்பது நாள் வரை ஆகலாம். இலவசம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்கும் ஆயிரக்கணக்கில் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், கூடவே உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்கும் ஒரு தொகை போடுவார்கள். உத்யம் பதிவும் அரசு இணையதளத்தில் இலவசம். சிக்கல் எங்கே வருகிறது என்றால் விலாசத்தில். டன்ஸ் பதிவில் இருக்கிற பெயரும் விலாசமும் கூகுளில் கொடுப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சிவதாபுரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது 'தா'வுக்கு ஒரு சான்றிதழில் டி போட்டிருப்பார்கள், இன்னொன்றில் டிஹெச், ஆதாரில் வேறொன்று. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் அலைந்தவர்களைத் தெரியும். ஒரு இணையதளமும் வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் நிறுவனத்தின் விலாசத்தையும் போன் நம்பரையும் கூகுள் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிடும். வெள்ளி இருக்கிற வீட்டின் கதவு எண்ணை உலகத்துக்கே அறிவிக்க உங்கள் அப்பா சம்மதிப்பாரா? எனக்கென்னவோ தோன்றவில்லை. 14 நாள் பொறுப்பதே லாபம்.

தனிநபர் கணக்கில் பெயரும் நாடும் ஒரு மின்னஞ்சலும்தான் தெரியும். ஆனால் அதிலும் கட்டணம் வைத்தால் முழு விலாசம் வெளியே வந்துவிடும். அதனால் இப்போதைக்கு செயலிக்குள் பணம் கட்டும் பட்டனே வேண்டாம், "இங்கே கட்டுங்கள்" என்ற வழிகாட்டலும் வேண்டாம். வருடச் சந்தாவைப் பட்டறைக்கு நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள், செயலியில் உள்ளே நுழைய லாகின் மட்டும் இருக்கட்டும்.

அந்த லாகினில்தான் பலர் விழுகிறார்கள். போனுக்கு ஓடிபி வருகிற மாதிரி வைத்திருந்தால், செயலியைப் பரிசீலிக்கிறவருக்கு அந்த ஓடிபி எப்படிப் போகும்? உள்ளே நுழைய முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஃபயர்பேஸில் ஒரு போலி நம்பரும் அதற்கு மாறாத ஓடிபியும் வைக்க வசதி இருக்கிறது. அதை வைத்து, பத்துப் பதினைந்து மாதிரிக் கணக்குகளையும் நிரப்பி, பிளே கன்சோலில் அதற்கென்று உள்ள இடத்தில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, இன்றைக்கே அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அனுப்பிய கோப்பை அவர் கணக்கில் ஏற்கெனவே ஏற்றிவிட்டாரா? ஏற்றியிருந்தால் அந்த பேக்கேஜ் பெயர், அதாவது செயலியின் தனி அடையாளப் பெயர், அங்கே மாட்டிக்கொண்டது, உங்கள் கணக்கில் அதே பெயரை மறுபடி பயன்படுத்த முடியாது. பதறாதீர்கள். இன்னும் யாரும் இறக்கவில்லை என்பதால் அப்ளிகேஷன் ஐடியை (அந்த பேக்கேஜ் பெயர்தான்) மாற்றி, ஃபயர்பேஸில் புதுப் பெயரைச் சேர்த்து, அங்கே கிடைக்கும் புதுக் கோப்பை உள்ளே வைத்துக் கட்டினால் போதும், அரை நாள் வேலை. முன்பணத்தையும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வராது.