தம்புன் பக்கம் கூடாரமா? முதலில் மண்ணைப் பாருங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்

கேள்வி: நாங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில் (கிராமத்தில்) இருக்கிறோம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு என் அண்ணன் குடும்பம் ஜொகூரிலிருந்தும் நாத்தனார் குடும்பம் கூலிமிலிருந்தும் வருகிறார்கள். மொத்தம் 14 பேர். அதில் ஆறு பிள்ளைகள், 72 வயது மாமியார். பிள்ளைகளைத் தம்புன் லோஸ்ட் வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போக வேண்டும். ஹோட்டல் அறை கட்டுப்படியாகாது. பூங்காவுக்கு அருகில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்கிறார் அண்ணன். மலிவான, நல்ல முகாமிடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: சகோதரி, இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்ப்பள்ளிச் சாரணர்களை ஆற்றங்கரைக்கும் காட்டோரத்துக்கும் அழைத்துப் போயிருக்கிறேன். ஒரு முகாமிடத்தில் போய் இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது அதன் முதுகுப்புறத்தைத்தான். பின்னால் என்ன இருக்கிறது, அது எவ்வளவு உயரம், அதன் அடியில் யாரைப் படுக்க வைக்கப் போகிறோம் என்று பார்த்த பிறகுதான் கட்டணத்தைக் கேட்பேன்.

காரணம் உங்களுக்கும் நினைவிருக்கும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில், பத்தாங் காலியிலிருந்து கெந்திங் மலைக்கு ஏறும் வழியில் இருந்த ஒரு முகாமிடத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். அதுவும் பள்ளி விடுமுறைக் காலம்தான்; பிள்ளைகளோடு வந்து கூடாரத்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. அதனால் நீங்கள் தொலைபேசியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "முகாம் நடத்த லைசென்ஸ் இருக்கிறதா? எந்த நகராண்மை கொடுத்தது?" தம்புன் ஈப்போ மாநகர் மன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. உரிமம் உள்ளவர் உடனே பதில் சொல்வார். சுற்றி வளைப்பவரிடம் மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள்.

தம்புனில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே உள்ளவை சுண்ணாம்புக் குன்றுகள். செங்குத்தாக, வெள்ளையும் கறுப்புமாகப் படத்துக்கு அழகாக நிற்கும். கூடாரத்தை அதன் அடிவாரத்தில் போட்டால் நிழலும் குளிர்ச்சியும் கிடைக்கும் என்று தோன்றும். அந்த ஆசை வேண்டாம். ஈப்போ கல்லுமலைக் கோயில் இருக்கும் குனோங் செரோவில் 1973 அக்டோபரில் பாறை பெயர்ந்து அடிவாரத்து வீடுகள் மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. மண்மேடு சரியுமுன் சில நேரம் வெடிப்பு காட்டும், மரம் சாயும். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் உள்ளுக்குள்ளேயே பல்லாண்டுக் காலம் கரைத்துக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. குன்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் தள்ளித்தான் கூடாரம் போட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. அவ்வளவு இடம் இல்லாத முகாமிடம் இலவசமாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

ஆற்றங்கரை முகாமிடம் என்றால் கெப்பாலா ஆயரை, அதாவது ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளத்தை, மறக்கவே கூடாது. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் பெய்த மழை சில நிமிடங்களில் சுவராகத் திரண்டு இறங்கிவிடும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, நீரின் இரைச்சல் மாறுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளை உடனே மேட்டுக்கு ஏற்றுங்கள். செருப்பு, பாத்திரம் எதையும் எடுக்க நிற்க வேண்டாம். கூடாரம் ஆற்றங்கரையில் அல்லாமல், போன வெள்ளம் மரத்தடியில் விட்டுப்போன சருகுக் கோட்டுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். காலில் ஆறாத புண் இருக்கும் பிள்ளையை ஆற்றில் இறக்காதீர்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அந்த வழியாக உடம்புக்குள் நுழையக்கூடும்.

இனி பணம். 'மலிவு' என்று விளம்பரத்தில் காணும் எண்ணை நம்பாமல் நோட்டுப் புத்தகத்தில் கூட்டிப் பாருங்கள். மாமியாரையும் துணைக்கு ஒருவரையும் இரவில் வீட்டிலேயே விட்டால் கூடாரத்தில் படுப்பவர்கள் 12 பேர். ஓர் இடத்தில் கூடாரம், குளியலறை, கார் நிறுத்தம் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 15 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம்: 180 ரிங்கிட். இன்னோர் இடத்தில் கூடாரத் தளம் ஒன்றுக்கு 30 ரிங்கிட்தான். மூன்று தளம் 90. மூன்று கார்களுக்குத் தலா ஐந்து, 15. கூடாரம் உங்களிடம் இல்லாமல் ஒன்றுக்கு 50 வீதம் வாடகைக்கு எடுத்தால் 150. மொத்தம் 255. சொந்தக் கூடாரம் இருந்தால் அதே இடம் 105 ரிங்கிட்டில் முடிந்துவிடும். ஆகவே உறவினர்களில் யாரிடம் கூடாரம் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மின்சாரம், அடுப்பு, தாமத வெளியேற்றம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

அயலூர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. தம்புன் உங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். படத்தைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். அதுவும் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். தண்ணீர் எங்கே தேங்கியிருக்கிறது, வடிகால் ஓடுகிறதா, கழிவறைக் குழாயில் நீர் வருகிறதா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். கழிவறைகளை எண்ணுங்கள். விடுமுறை நாள் காலை ஏழு மணிக்கு இரண்டே கழிவறைகளின் முன் நாற்பது பேர் நிற்கும் இடத்தில், ஆறு பிள்ளைகளோடு நீங்கள் படும் பாட்டை எந்தத் தள்ளுபடியும் ஈடு கட்டாது.

பலர் கேட்க மறக்கும் கேள்வி: முகாமிடத்தின் வாயிற்கதவை இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? தம்புன் பூங்காவில் இருக்கும் வெந்நீர் ஊற்று மாலைக்கு மேல்தான் சுகம். பிள்ளைகள் எளிதில் கிளம்ப மாட்டார்கள். பத்து மணிக்குக் கதவை மூடும் இடத்தில் முன்பதிவு செய்துவிட்டால், டிக்கெட் காசு பாதி வீணாகும். பூங்கா எந்தக் கிழமை மூடியிருக்கும், மைகாட் (அடையாள அட்டை) காட்டும் மலேசியர்களுக்கான கட்டணம் எவ்வளவு என்பதையும் அதன் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் சரிபார்த்த பிறகே நாளைக் குறியுங்கள்.

நாள் வரிசையிலும் என் பேச்சைக் கேளுங்கள். முதல் நாள் பகலில் பூங்கா, அன்றிரவு கூடாரம். இதை மாற்றிவிடாதீர்கள். முந்தின இரவு கூடாரத்தில் மழை பிடித்துக்கொண்டால், தூங்காத பிள்ளைகளையும் ஈரத் துணிகளையும் சுமந்துகொண்டு, காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டோடு பூங்கா வாசலில் நிற்க நேரும். பூங்காவில் ஆடிக் களைத்த பிள்ளைகள் கூடாரத்துக்குள் நுழைந்ததும் உறங்கிவிடுவார்கள். காலையில் இட்லியும் சட்னியும் வீட்டிலிருந்து மாமியாரோடு வந்து சேரட்டும். அவரும் வெளியே வந்ததாக இருக்கும், அடுப்பும் கேஸும் சுமக்கும் வேலையும் இல்லை. இரவு உணவில் மிச்சமானதைக் கூடாரத்தில் வைக்காமல் காருக்குள் பூட்டுங்கள். குரங்குகள் ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டன.

ஆண்டின் கடைசி மாதங்களில் ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தாப் பள்ளத்தாக்கில் மாலை மழை சாதாரணம். அன்று பிற்பகல் நான்கு மணிக்கு வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கையைப் பாருங்கள். எச்சரிக்கை இருந்தாலோ, மலைப்பக்கம் கறுத்திருந்தாலோ முன்பணம் போனால் போகட்டும், நேரே வீட்டுக்குத் திரும்புங்கள். கூடத்தில் பாயை விரித்து 14 பேரும் படுத்துக்கொள்ளலாம். மறுநாள் வெயில் வந்ததும் கூடாரத்தை உங்கள் முற்றத்திலேயே போட்டுக் கொடுங்கள்.