ஒரு நாட்டில் அணு உலை விபத்து நடந்தால் மற்ற நாடுகளுக்குச் சொல்லியே ஆக வேண்டுமா?

ஆமாம், அதற்கான ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு, எல்லை தாண்டிப் பாதிக்கக்கூடிய விபத்து என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் 1986க்கு முன்னால் இப்படி ஒரு உலகளாவிய விதியே இல்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில் உலை வெடித்தது. சோவியத் அரசு வெளியே மூச்சு விடவில்லை. 28ஆம் தேதி காலை, சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி, ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு ஊழியரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதைக் கருவி காட்டியது, முதலில் தங்கள் உலையில்தான் கசிவோ என்று அவர்கள் தேடினார்கள், அப்புறம்தான் காற்று வந்த திசையைப் பார்த்து விஷயம் புரிந்தது. அன்று இரவுதான் மாஸ்கோ வாயைத் திறந்தது. இடையில் போன அந்த நேரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் சர்வதேச அணுசக்தி முகமையின் கீழ் இரண்டு ஒப்பந்தங்கள் வந்தன. ஒன்று, எல்லை தாண்டிப் பாதிக்கக்கூடிய விபத்தை உடனே அறிவிப்பது. இன்னொன்று, உதவி கேட்பதும் கொடுப்பதும். அடுத்த ஆண்டே பிரேசிலின் கோயானியாவில், கைவிடப்பட்ட புற்றுநோய் சிகிச்சைக் கருவியை யாரோ பிரித்ததில் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் ஊருக்குள் பரவி நான்கு பேர் இறந்தபோது, அந்த நாடு இப்படித்தான் வெளிநாட்டு நிபுணர்களின் உதவியைப் பெற்றது.

சரி, மீறினால் தண்டனை உண்டா? இல்லை. 1994இல் வந்த அணுப் பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் கிடையாது, ஒவ்வொரு நாடும் அறிக்கை எழுதி வைக்கும், மற்ற நாடுகள் அதைப் படித்துக் கேள்வி கேட்கும், அவ்வளவுதான். எனக்கு இது போதாது என்றுதான் படுகிறது.