இடுப்பில் கட்டிய துண்டு

ஐயா, வணக்கம்.

நான் அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பிறந்தவள், முன்பள்ளி ஆசிரியை. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நாங்கள் மட்டுமே கத்தோலிக்கக் குடும்பம். அங்கே எங்களை வேதக்காரர் என்று ஒதுக்கிப் பேசுகிறார்கள்; நகரத்துக் கோயிலுக்குப் போனால் தோட்டத்துப் பிள்ளைகள் என்கிறார்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் மறைத்துப் போடும்படி அம்மா சொன்னார். அதை நான் இன்னும் வெளியே எடுக்கவில்லை. எனக்குத் துணிவு எங்கிருந்து வரும்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

சங்கிலியை மறைத்ததற்காக நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். அம்மாவின் பயம் நியாயமானது. அதை வெளியே எடுத்துப் போட்டவுடன் துணிவு வந்துவிடும் என்றும் நான் எண்ணவில்லை.

அடையாளம் என்பது மலையகத்தில் இலேசான சொல் அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியா ஆகிய இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்டு அவர்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. பிறர் எழுதித் தரும் அடையாளத்துக்காகவே மூன்று தலைமுறை காத்திருந்தவர்கள் நாம். கிறிஸ்தவர் என்ற பெயரையும் அப்படி யாராவது ஒப்புக்கொண்டு தரட்டும் என்று காத்திருக்கிறோமோ என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.

பெரிய வியாழன் மாலை வாசிக்கப்படும் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தை மறுபடி படியுங்கள். தாம் கடவுளிடமிருந்து வந்ததையும் அவரிடமே திரும்பிச் செல்லவிருப்பதையும் இயேசு அறிந்திருந்தார் என்று சொன்ன கையோடு, அவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவியதை யோவான் எழுதுகிறார். தாம் யார் என்பதில் அவருக்குக் கலக்கம் இல்லை; அதனால்தான் அடிமையின் வேலைக்குக் குனிய முடிந்தது. நமக்கோ, குனிந்த பிறகுதான் நாம் யாருடையவர்கள் என்பது விளங்குகிறது.

2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்த பின்னர், உயிர் தப்பியவர்கள் தங்கியிருந்த ஒரு பாடசாலைக்கு எங்கள் பங்கின் இளைஞர் ஒருவரோடு போயிருந்தேன். திருப்பலியில் வாசகம் வாசிக்கச் சொன்னாலே கை நடுங்குகிற பிள்ளை. அங்கே ஒரு பாட்டியின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் மண்ணுக்குள் போயிருந்தன. மறுநாள் ஓர் அலுவலகத்தில் பாட்டியை இன்னொரு நாள் வரச் சொன்னபோது, அந்தப் பிள்ளை முன்னே நகர்ந்து, தன் அரைகுறைச் சிங்களத்தில், இவரால் மறுபடி நடந்து வர முடியாது, இன்றே பதிந்து தாருங்கள் என்று நிதானமாகக் கேட்டார். பதிந்து தந்தார்கள். வெளியே வந்ததும் பாட்டி, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்றார். "மாதா கோயில் புள்ள, பாட்டி." அவர் அப்படித் தயங்காமல் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அந்தப் பாட்டி அதற்குப் பிறகும் மாரியம்மனைத்தான் கும்பிட்டார். அதில் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. உதவியைத் தூண்டிலாக்கினால் அது பணிவிடை ஆகாது. மதம் மாற்ற வந்தவர்கள் என்ற சந்தேகமும் நம்மை விட்டுப் போகாது. 1972இல் கண்டியில் சத்யோதயம் என்ற சமூக ஆய்வு மையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் அடிகளார், சிங்களவரையும் தமிழரையும் சேர்த்துக்கொண்டு தோட்ட மக்களுக்காக உழைத்ததை நம் இளையோர் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலையிலிருந்து நின்றும் ஊழியர் சேமலாப நிதி கைக்கு வராமல் இருப்பவர் யாரென்று உங்கள் லயத்திலேயே விசாரியுங்கள். படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அவரோடு பஸ் ஏறிப் போங்கள். போய்வந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.