தையல் நிற்காத ரத்தக் குழாய்: கேள்வி பதில்

ஆபரேஷன் அறையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன். கேள்வி கேட்டவர்களை அவர்கள் வசிக்கும் சிங்கப்பூர் வட்டாரத்தின் பெயரால் குறித்திருக்கிறேன்.

உட்லண்ட்ஸ்: அக்கா, என் தம்பிக்கு வாஸ்குலர் எலர்ஸ்-டான்லோஸ் என்ற பரம்பரை நோய் என்கிறார்கள். ரத்தக் குழாய் வெடித்தால் தைத்துவிட முடியாதா?

தைக்கலாம், தையல் நிற்க வேண்டுமே! சிஓஎல்3ஏ1 என்ற மரபணுவில் கோளாறு. குழாய்ச் சுவருக்கு உறுதி தரும் மூன்றாம் வகை கொலாஜன் என்ற புரதம் சரியாக உருவாவதில்லை. ஈர டிஷ்யூ பேப்பரைத் தைத்துப் பாருங்கள், ஊசி போகும். முடிச்சை இறுக்கினால் கிழித்துக்கொண்டு வரும். ரத்தத்தை நிறுத்தக் கவ்வி போட்ட இடமே பிய்ந்துவிடலாம். அதனால் கவ்விக்கு மெத்தை உறை, தையலுக்கு அடியில் குட்டிக் குட்டி ஃபெல்ட் துணித் துண்டு. மண்ணீரலுக்குப் போகும் குழாய் வெடித்தால் ஒட்டுப்போட மெனக்கெடாமல் அதைக் கட்டிவிட்டு மண்ணீரலையே எடுத்துவிடுவதும் உண்டு. இங்கே குறைவாகக் கை வைப்பவர்தான் கெட்டிக்காரர்.

ஜூரோங்: வயிற்றைத் திறக்காமல் முடியாதா?

கிளைக் குழாய் என்றால் உள்ளே சுருள் கம்பி வைத்து அடைக்கலாம். ஆனால் தொடையில் ஊசி குத்தும் இடமே கிழியலாம். அதனால்தான் முதலில் சிடி ஸ்கேன். ரத்தக் கசிவு நின்று ஆள் நிதானமாக இருந்தால், ரத்த அழுத்தத்தை அடக்கி வைத்துக் காத்திருப்பார்கள். “சும்மா படுக்க வைத்திருக்கிறார்களே” என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஈசூன்: மகளுக்கு மார்ஃபன் என்ற பரம்பரை நோய். அவளுக்கும் இதே கதையா?

இல்லைம்மா. அதில் கோளாறு ஃபிப்ரிலின் என்ற வேறொரு புரதத்தில். தையல் பெரும்பாலும் பிடிக்கும். இதயத்தை ஒட்டிய பெருந்தமனி 5 செ.மீ. அகலத்துக்கு வீங்கினால், சிலருக்கு அதற்கும் முன்பே, திட்டமிட்டு மாற்றிவிடுவார்கள். கிழிந்த பிறகு என்றால் உடனே நெஞ்சைத் திறக்க வேண்டும். ஸ்கேன் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.

தெம்பனிஸ்: பிள்ளைகளுக்கு வருமா?

இரண்டு நோயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. பெற்றோருக்கு இல்லாமலும் வரும்.

உட்லண்ட்ஸ் (மறுபடியும்): ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தால் என்ன சொல்வது?

நோயின் பெயரை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இளவயதுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் கேஸ்ட்ரிக் என்றுதான் முதலில் தோன்றும். ஒருவர் பஸ், ரயிலுக்கான ஈஸி-லிங்க் அட்டையின் உறைக்குள் நாலாக மடித்த டாக்டர் கடிதம் வைத்திருந்தார், ஓரத்தில் கோப்பிக் கறையோடு. அதைப் படித்த சர்ஜன், கத்தியைக் கேட்கும் முன் கவ்வி உறைகளைக் கேட்டார். தம்பியிடமும் ஒன்று இருக்கட்டும்.